முப்பதுக்கு இருபது: நாம் மனப்பாடம் செய்த ஓர் எண்ணின் கதை

நம் செட்டில் சிவில் பிரிவில் படித்தவர்களுக்கு மட்டும் இது உடனே நினைவுக்கு வரும். 1974-ல் இறுதியாண்டு. மதிய உணவு முடிந்து முதல் பீரியட் பொது சுகாதாரப் பொறியியல். மெஸ் சாப்பாடும் மின்விசிறி இல்லாத அறையும் சேர்ந்து பாதி வகுப்பு உறங்கிக்கொண்டிருக்கும். நம் பேராசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். தூங்குகிறவன் அருகில் வந்து நின்று மெதுவாக, "தம்பி, எஃப்ளுவென்ட் ஸ்டாண்டர்டு என்ன?" என்பார். தூங்கியவன் கண்ணைத் திறக்காமலே "தர்ட்டி, ட்வென்டி சார்" என்பான். "சரி, தூங்கு" என்று போய்விடுவார்.

மற்றப் பிரிவு நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரித்து ஆற்றில் விடும்போது, அந்த நீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் திடப்பொருள் இருக்கக் கூடாது, பி.ஓ.டி. 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. இதுதான் முப்பதுக்கு இருபது. பி.ஓ.டி. என்பது அழுக்கின் அளவு அல்ல, அழுக்கின் பசி. நீரில் கரைந்திருக்கும் கழிவைக் கிருமிகள் தின்று தீர்க்க எவ்வளவு பிராணவாயு வேண்டும் என்ற கணக்கு. ஊர்ச் சாக்கடையில் அது 200, 300 என்று இருக்கும். ஆற்று நீரிலோ நம் ஊர் வெயிலில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருந்தாலே பெரிய விஷயம். ஏழரை ரூபாய் சம்பாத்தியத்தில் முந்நூறு ரூபாய்க் கடன்காரன் வந்து உட்கார்ந்தால் வீடு என்ன ஆகும்? மீன் மிதக்கும், நீர் கறுக்கும், அழுகிய முட்டை வாடை வரும். இந்தக் கடனை ஆற்றுக்கு வெளியிலேயே அடைத்துவிடுவதுதான் சுத்திகரிப்பு நிலையத்தின் வேலை. அதற்கு மேல் அதில் மாயம் எதுவும் கிடையாது.

இந்த எண்ணை நான் முப்பது வருடத்துக்கு மேல் உபயோகித்திருக்கிறேன். எத்தனையோ திட்ட அறிக்கைகளில் என் கையெழுத்துக்கு மேலே அது இருக்கிறது. அது எங்கே பிறந்தது, யார் பெற்றது என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. கேட்க வைத்தவர் ஓர் ஆட்டுக்காரர். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் லண்டன். 1858 ஜூன் மாதம் அங்கே கடும் வெயில். அதற்குப் பத்து வருடம் முன்னால்தான், வீட்டுக்கு வீடு இருந்த மலக்குழிகளை மூடிவிட்டு எல்லாக் கழிவையும் தெருச் சாக்கடையில் சேர்க்கச் சொல்லி உத்தரவு போட்டிருந்தார்கள். தெருச் சாக்கடை எங்கே போனது? நேராகத் தேம்ஸ் நதிக்கு. வீடு சுத்தமானது, நதி செத்தது. ஆற்றங்கரையில் இருந்த பாராளுமன்றத்தில் நாற்றம் தாங்காமல் ஜன்னல் திரைகளைக் குளோரைடு சுண்ணாம்பில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். காலராவில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் மாண்டபோது அசையாத கோப்பு, அங்கத்தினர்கள் மூக்கைப் பிடித்ததும் அசைந்தது. 18 நாளில் சட்டம் நிறைவேறியது. (நம் ஊர்க் கோப்புகளை நகர்த்தவும் இதைவிடச் சிறந்த வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.)

ஜோசப் பசல்கெட் என்ற பொறியாளர் ஆற்றின் இரு கரையிலும் 82 மைல் நீளத்துக்குப் பெரிய இடைமறிப்புச் சாக்கடைகளைக் கட்டினார். செங்கல் மட்டும் 31 கோடிக்கு மேல். நம் பாடப்புத்தகத்தில் அவரைப் பற்றி ஒரு பாரா இருந்தது ஞாபகம் இருக்கலாம். மனிதர் மகா கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் செய்தது சுத்திகரிப்பு அல்ல, இடமாற்றம். நகரத்தின் கழிவு முழுவதையும் கிழக்கே பெக்டன், கிராஸ்னெஸ் என்ற இரண்டு இடங்களுக்குக் கொண்டுபோய், கடல் வற்றும் நேரம் பார்த்து அப்படியே ஆற்றில் திறந்துவிட்டார். லண்டன்காரர் பிழைத்தார். கீழே இருந்தவர்?

1878 செப்டம்பர் 3-ந்தேதி மாலை, 'பிரின்சஸ் அலிஸ்' என்ற உல்லாசப் படகு அந்தத் திறப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு நிலக்கரிக் கப்பலோடு மோதி மூழ்கியது. அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சற்று முன்புதான் சாக்கடையைத் திறந்துவிட்டிருந்தார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் பலரும் அந்த நீரில் தப்பவில்லை என்று அப்போது பெரும் சர்ச்சை எழுந்தது. அதற்குப் பிறகு ஒரு விசாரணைக் கமிஷன், அதன் பிறகு சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டுக் கசடைப் படியவைத்து, கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டும் ஏற்பாடு. 1887-ல் வாங்கிய முதல் கசடுக் கப்பலுக்குப் பசல்கெட்டின் பெயரையே வைத்தார்கள். மரியாதையாகத்தான் வைத்திருப்பார்கள்.

சுண்ணாம்பு மிதப்பதைப் படியவைக்கும். கரைந்திருப்பதை ஒன்றும் செய்யாது. அதனால் ஆற்றின் கடன் பாதி அப்படியே நின்றது. மீதியை யார் தீர்ப்பது என்பதற்கு விடை வேதியியலில் இல்லை, மண்ணில் இருந்தது. 1877-ல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் ஒரு நீண்ட குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிச் சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். சுமார் இருபது நாள் எந்த மாற்றமும் இல்லை. அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. பிறகு திடீரென்று அம்மோனியா மறைந்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. குளோரோஃபார்ம் ஆவியை உள்ளே விட்டுப் பார்த்தார்கள், மாற்றம் நின்றுபோனது. தோட்டத்து மண்ணைக் கழுவிய நீரைக் கொஞ்சம் ஊற்றினார்கள், மறுபடி தொடங்கியது. மயக்க மருந்து கொடுத்தால் மயங்குவது எதுவோ அது உயிருள்ளது. ஆக, சாக்கடையைச் சுத்தம் செய்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத தொழிலாளிகள். நாம் செய்ய வேண்டியது அவர்களுக்கு இருக்க இடமும் மூச்சுக் காற்றும் கொடுப்பது மட்டும்தான். இதுவரை நான் படித்த சோதனைகளில் இவ்வளவு எளிமையான ஒன்றை வேறு எங்கும் கண்டதில்லை.

இதை ஊர் அளவுக்குப் பெரிதாக்கியது மான்செஸ்டர். கில்பர்ட் ஃபௌலர் என்ற வேதியியலாளர் 1912-ல் அமெரிக்காவில் லாரன்ஸ் என்ற ஊரின் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், அங்கே பாட்டில்களில் சாக்கடை நீருக்குள் காற்றை ஊதிச் சோதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். டேவிஹியூம் சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்த ஆர்டன், லாக்கெட் என்ற இரு இளைஞர்களிடம் சொன்னார். அவர்களும் பாட்டிலில் காற்றை ஊதினார்கள். முதல் தடவை நீர் முழுதாகத் தெளிய ஐந்து வாரம் ஆனது. ஐந்து வாரம் சாக்கடையைத் தேக்கி வைக்க எந்த ஊரில் இடம் இருக்கிறது?

இங்கேதான் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் படிந்த கசடை வீசாமல் அப்படியே வைத்துப் புதுச் சாக்கடையை மேலே ஊற்றினார்கள். மறுபடி காற்று, மறுபடி இறுப்பு. ஒவ்வொரு முறையும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஐந்து வாரத்து வேலை ஒரே நாளுக்குள் முடிந்தது. தயிருக்கு உறைமோர் வைத்துக்கொள்ளும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதே அல்ல. ஆனால் அதுவரை எல்லா நிலையங்களிலும் கசடு என்றால் ஒழித்துக்கட்ட வேண்டிய தொல்லை. 1914 ஏப்ரல் 3-ந்தேதி மான்செஸ்டரில் ஒரு ஓட்டலில் நடந்த கூட்டத்தில் அவர்கள் இதை வாசித்தார்கள். இன்றும் உலகத்தின் பெரிய நகரங்கள் பலவற்றில் ஓடுவது அந்த முறைதான். நாம் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் என்று இங்கிலீஷிலேயே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ஃபௌலர் 1916-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார் என்பதும், அங்கே உயிர்வேதியியல் துறை அவரிடம் தொடங்கியது என்பதும் நமக்கு வகுப்பில் யாரும் சொல்லவில்லை. ரயிலில் ஓர் இரவுத் தூரத்தில் நடந்த சரித்திரம்!

இப்போது எண்ணுக்கு வருகிறேன். அதற்கு முன் ஆட்டுக்காரர்.

எண்பதுகளின் நடுவில், தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்வையிடப் போயிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். நிலையம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வகத் தாளில் பி.ஓ.டி. 18. எனக்குத் திருப்தி. கீழ்ப்பக்கம் இரண்டு மைல் தள்ளி ஆற்றோரமாக ஜீப்பில் திரும்பும்போது ஒரு பெரியவர் கை காட்டி நிறுத்தினார். "சார், அந்தத் தண்ணி ஆபீசு நீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். "வாங்க, பாருங்க" என்று ஆற்றுக்குள் கூட்டிப்போனார். கோடைக் காலம். ஆற்றில் மேலிருந்து ஒரு சொட்டு வரத்து கிடையாது. மணலில் ஒரு வாய்க்கால் அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது முழுவதும் எங்கள் நிலையத்து நீர். கறுப்பு. அங்கங்கே குமிழி.

"ஐயா, நான் இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன். தண்ணி பரிசோதனையிலே பாஸ் ஆயிருக்கு" என்றேன்.

"தாளுல பாஸ் ஆயிருக்கும் சார். ஆடு மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருதே. அதுகிட்ட தாளையா காட்ட முடியும்?"

அவர் குரலில் கோபம்கூட இல்லை. உடன் வந்த உதவிப் பொறியாளர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விதிப்படி எல்லாம் சரி. அப்படியானால் ஆறு ஏன் சரியாக இல்லை?

அலுவலக நூலகத்தில் அட்டை கிழிந்த பழைய பிரிட்டிஷ் பாடநூல் ஒன்று இருந்தது. அதில் விடை இருந்தது. இங்கிலாந்தில் கழிவுநீர் அகற்றுதல் பற்றிய ராயல் கமிஷன் ஒன்றை 1898-ல் நியமித்தார்கள். 1915 வரை அது நீடித்தது. 1912-ல் வந்த அதன் எட்டாவது அறிக்கைதான் நம் எண்ணின் தாய்வீடு. அவர்கள் முதலில் சாக்கடையைப் பார்க்கவில்லை; ஆற்றைப் பார்த்தார்கள். பல ஆறுகளில் நீரை எடுத்து ஐந்து நாள் வைத்து எவ்வளவு பிராணவாயுவைக் குடிக்கிறது என்று அளந்தார்கள். கூடவே கண்ணால் பார்த்து, முகர்ந்து, பாசியையும் மீனையும் கவனித்து, ஆறுகளைத் தரம் பிரித்தார்கள். நம் அளவில் சொன்னால் பி.ஓ.டி. 1 என்றால் மிகச் சுத்தம், 2 சுத்தம், 3 ஓரளவு சுத்தம், 5 சந்தேகம், 10 மோசம். ஆக, ஓர் ஆறு 4-ஐத் தாண்டாமல் இருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் என்று முடிவு செய்தார்கள்.

பிறகு ஒரு கணக்கு. நம் எட்டாம் வகுப்புக் கலவைக் கணக்குதான். பி.ஓ.டி. 2 உள்ள நல்ல ஆற்று நீர் 8 பங்கு. அதில் சுத்திகரித்த கழிவு நீர் 1 பங்கு. கழிவு நீரின் பி.ஓ.டி. 20 என்றால், எட்டு ரெண்டு பதினாறு, இருபதும் பதினாறும் முப்பத்தாறு. ஒன்பதால் வகுத்தால் 4. ஆறு பிழைத்தது. அந்த இருபது இப்படி வந்தது! வானத்திலிருந்து விழவில்லை. எட்டு மடங்கு நல்ல தண்ணீர் ஆற்றில் ஓடுகிறது என்ற ஊகத்தின் முதுகில் ஏறி வந்தது.

கமிஷன்காரர்கள் இதை மறைக்கவும் இல்லை. ஏணி மாதிரி படிப்படியாகவே எழுதி வைத்தார்கள். ஆறு 8 முதல் 150 மடங்கு வரை இருந்தால் முப்பதுக்கு இருபது. 150 முதல் 300 மடங்கு என்றால் திடப்பொருள் 60 வரை போகலாம், பி.ஓ.டி. பார்க்க வேண்டாம். 300 முதல் 500 வரை 150. ஐந்நூறு மடங்குக்கு மேல் பெரிய ஆறு என்றால் கல்லும் மண்ணும் நீக்கி அப்படியே விட்டாலும் போதும். எட்டு மடங்குக்குக் கீழே போனால்? அங்கே இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்றார்கள்.

இந்த ஏணியில் ஒரே ஒரு படியைப் பெயர்த்துக்கொண்டு கப்பல் ஏறியது நம் எண். 1973-ல் இந்தியத் தர நிர்ணயமாக அச்சிடப்பட்ட ஐ.எஸ். 4764-லும் அதே 30, அதே 20. ஐந்து நாள் என்பதும் அங்கே இருந்து வந்ததுதான். பிரிட்டனில் எந்த ஆறும் ஐந்து நாளுக்குள் கடலைச் சேர்ந்துவிடும், அதற்கு மேல் கவலை இல்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். சோதனை வெப்பநிலை 65 டிகிரி ஃபாரன்ஹீட், அவர்கள் ஊர்க் கோடை. நம் ஊர் வெயிலில் கிருமிகள் வேகமாகத் தின்னும். அதே சமயம் சூடான நீரில் பிராணவாயு குறைவாகத்தான் கரையும். 10 டிகிரி செல்சியஸில் 11 மில்லிகிராமுக்கு மேல் கரைவது, 30 டிகிரியில் ஏழரைதான். செலவு அதிகம், வரவு குறைவு. சோதனையை மட்டும் 1993-ல் மூன்று நாள், 27 டிகிரி என்று நம் ஊருக்கு ஏற்ப மாற்றினார்கள். அது நல்ல காரியம். அந்த எட்டு மடங்கு மட்டும் எந்த அட்டவணையிலும் திரும்ப வரவில்லை.

வைகையையும் நொய்யலையும் கூவத்தையும் நினைத்துப் பாருங்கள். சித்திரையில் எட்டு மடங்கு எங்கே இருக்கிறது? ஒரு மடங்கு இருந்தாலே, இருபதும் இரண்டும் இருபத்திரண்டு, பாதி 11. கமிஷன் அட்டவணையில் 'மோசம்' என்பதற்கும் கீழே. ஒன்றுமே இல்லை என்றால் 20 அப்படியே 20. அந்தப் பெரியவரின் ஆடு எட்டாவது அறிக்கையைப் படித்ததில்லை. ஆனாலும் சரியாகத்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நான் நிலையத்து வாசலில் பார்த்தபோது நீர் அவ்வளவு மோசமாக இல்லை. இரண்டு மைல் தள்ளித்தான் கறுத்திருந்தது. காரணத்தை 1925-லேயே ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற இருவர் அமெரிக்காவின் ஒஹாயோ நதியை ஆராய்ந்து கணிதமாக எழுதிவிட்டார்கள். கழிவு விழுந்த இடத்தில் பிராணவாயு உடனே தீர்ந்துவிடாது. கிருமிகள் தின்னத் தின்ன, நீர் ஓட ஓட, கீழே எங்கோ ஓரிடத்தில் அடிமட்டத்தைத் தொடும். பிறகு காற்றிலிருந்து வாங்கி மெல்ல ஏறும். தொய்ந்த கயிறு மாதிரி ஒரு வளைகோடு. பரீட்சைக்கு அந்தச் சமன்பாட்டை நாம் எல்லோரும் எழுதினோம், பத்து மார்க். அந்தக் கோட்டின் அடிப்பள்ளத்தில் யாரோ ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பார் என்று அப்போது தோன்றவில்லை. கழிவை விடும் ஊருக்குத் தன் குற்றம் தெரியாமல் போவதற்கு இந்தக் கோடே காரணம். மேலும் முப்பதுக்கு இருபதில் நோய்க்கிருமிக் கணக்கே கிடையாது. அந்த நீரில் குளிக்கலாமா, பக்கத்தில் ஊற்று தோண்டிக் குடிக்கலாமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது.

தேம்ஸ் என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறேன். 1957-ல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் பார்த்தபோது, கியூ முதல் கிரேவ்சென்ட் வரை விலாங்கைத் தவிர மீனே இல்லை. பசல்கெட் கட்டி நூறு வருடம் ஆகப்போகிற நேரம்! அதற்குப் பிறகுதான் கிராஸ்னெஸ்ஸிலும் பெக்டனிலும் அந்த மான்செஸ்டர் முறையை முழு அளவில் கட்டினார்கள். அறுபதுகளில் ஒன்று, எழுபதுகளின் நடுவில் மற்றொன்று முடிந்தது. 1974-ல், நாம் வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்த அதே வருடம், தேம்ஸின் கீழ்ப்பகுதி மின்நிலையம் ஒன்றின் வடிகட்டியில் ஒரு சால்மன் மீன் சிக்கியது. 1833-க்குப் பிறகு அதுவே முதல். இத்தனைக்கும் அவர்கள் தொல்லை அத்தோடு தீரவில்லை. மழை பெய்தால் பழைய சாக்கடைகள் வழிந்து ஆற்றில் கலந்தன. அதைத் தடுக்க 25 கிலோமீட்டருக்கு ஒரு சுரங்கம் தோண்டி 2025-ல்தான் முழுவதும் இணைத்தார்கள்.

நம் பக்கமும் சும்மா இல்லை. 2017-ல் மத்திய அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வெளியிட்ட அளவுகளில் மலக்கிருமிக் கணக்கும் சேர்ந்தது. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பெரிய நகரங்களுக்கு பி.ஓ.டி. 10-க்குள் வர வேண்டும் என்று உத்தரவிட்டது. அதே வருடம் சென்னை கொடுங்கையூரில் சுத்திகரித்த கழிவு நீரை மேலும் வடிகட்டி, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நீர்த்துப்போகச் செய்ய ஆற்றில் தண்ணீர் இல்லாத ஊருக்கு, ஆற்றில் விடாமலே உபயோகிப்பது நல்ல வழி என்பது என் அபிப்பிராயம். ஆனால் அப்படி எல்லா நீரையும் எடுத்துவிட்டால், கோடையில் அந்த வாய்க்கால் அகல ஓட்டமும் இராது. ஆட்டுக்காரரிடம் எதைச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.

அந்தப் பாடநூலைப் படித்த பிறகு வந்த என் திட்ட அறிக்கைகளில், எண்ணுக்குப் பக்கத்தில் ஆற்றின் கோடை வரத்து எவ்வளவு என்று ஒரு வரி சேர்த்து எழுதிவந்தேன். மேலிடத்தில் சிலர் அதை அடித்தார்கள், சிலர் விட்டார்கள். அதற்கு முன் எழுதியவற்றில் அந்த வரி இல்லை. அவற்றின்படி கட்டிய நிலையங்கள் இருக்கின்றன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் பேராசிரியர் அந்த எட்டு மடங்கைச் சொன்னாரா, சொல்லியும் நான்தான் தூங்கிவிட்டேனா என்பது இத்தனை வருடமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. அவரைக் கேட்க முடியாது, காலமாகிவிட்டார். என் நோட்டு 1977 வீடு மாற்றத்தில் தொலைந்துபோனது. நம் செட்டில் முதல் பெஞ்சு ஆசாமிகள் சிலர் ஒரு வரி விடாமல் எழுதுவீர்கள். யாரிடமாவது அந்த நோட்டு இன்னும் இருந்தால், சந்திப்புக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வாருங்கள். கழிவுநீர்ப் பாடம் இரண்டாம் பருவத்தில் வரும்.